ஒற்றைத் தையல்

பார்சல்காரர் எதற்கெல்லாம் பயப்படுவார் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் ஒரு நாள் போதாது. நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார். லிப்டில் ஏறமாட்டார், நடுவில் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது? டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டுவிடுவார். தொப்பி போட்ட யாரைப் பார்த்தாலும், அது பேங்க் வாசலில் கொட்டாவி விடுகிற காவலாளியாகவே இருந்தாலும், கை தானாக நெற்றிக்குப் போய்விடும். "உங்களுக்குப் பயம் இல்லாத ஒரே ஆள் நான்தான்" என்று அவர் மனைவி சொல்லிக்கொள்வாள். அதுவும் முழு உண்மை இல்லை.

வயது ஐம்பத்தெட்டு. பெரிய பார்சல் ஆபீசின் வெளிப்படிக்கட்டுக்கு அடியில் முப்பது வருஷமாக உட்கார்ந்து பார்சல் தைக்கிறார். ஒரு மரப்பெட்டி, உருளையாகச் சுற்றிய வெள்ளைத் துணி, கத்தரி, கோணி ஊசி, சணல் நூல்கண்டு, அரக்குக் குச்சி, ஒரு மெழுகுவர்த்தி. சாமானைத் துணியில் பொதிந்து தைத்து, தையல்மேல் அரக்கு உருக்கி விட்டால்தான் உள்ளே கவுண்டரில் வாங்குவார்கள். அதனால் காலை ஒன்பது மணிக்குக் குனிந்தால் மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவரும்போதுதான் தலை நிமிர்வார்.

தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அவர் தைத்த ஒரு பார்சல் வழியில் பிரிந்துபோயிற்று. உள்ளே கண்ணாடிச் சாமான். அனுப்பியவர் திரும்பி வந்து படிக்கட்டில் நின்றபடி நாற்பது பேர் பார்க்கக் கத்தின கத்தலில் இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்தப் பார்சலையும் ஒரு வரிசையோடு விட்டதில்லை. ஒரு வரிசை முடித்து முடிச்சுப் போடுவார். ஒரு விரல் தள்ளி இன்னொரு வரிசை ஓட்டுவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் பன்னிரண்டு பார்சல் முடிக்கும்போது இவர் ஏழில் நிற்பார். கவுண்டர் குமாஸ்தா ஒவ்வொரு முறையும் கேட்பார், "ஏன் பெரியவரே, உள்ள புலியா வெச்சிருக்கீங்க?" இவர் சிரித்து வைப்பார். அடுத்த பார்சலுக்கும் இரண்டு வரிசைதான்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் போலீஸ் சாட்சியாகப் பிடித்துப் போட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. காலை பதினோரு மணி இருக்கும். படிக்கட்டு மேல் ஏதோ ஓட்டமும் கூச்சலும். எட்டிப் பார்த்தால், நீலச் சட்டை போட்ட ஒரு லாரி கிளீனரை இரண்டு கான்ஸ்டபிள்கள் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். முப்பது வயது இருக்கலாம். காலடியில் ஒரு தோள்பை. இன்ஸ்பெக்டர் பையைத் திறந்ததும் பச்சையும் பழுப்புமாக இலை தெரிந்தது, அதன் வாடை படிக்கட்டு முழுக்க இறங்கியது. கஞ்சா. பார்சல்காரர் சட்டென்று குனிந்து, இல்லாத ஊசியைத் தேட ஆரம்பித்தார்.

"யோவ் பார்சல், ஊசி நூலை எடுத்துக்கிட்டு மேல வா."

வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் பார்த்தார். பக்கத்தில் தைக்கிறவர்கள் அதற்குள் நழுவியிருந்தார்கள், அந்தப் படிக்கட்டுக்கு அடியில் வேறு யாரும் இல்லை.

மேலே பார்சல் ஆபீஸ் தராசிலேயே நிறுத்தார்கள். இரண்டு சின்னக் கவரில் பரிசோதனைக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்து, மீதியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இவரிடம் தள்ளினார்கள். இவர் துணியில் பொதிந்து தைத்தார். இன்ஸ்பெக்டர் அரக்கின் மேல் பித்தளை முத்திரையை அழுத்தினார். ரைட்டர் என்று கூப்பிடப்பட்ட வயதான கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் எழுதினார். எதிர் ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் சாட்சி, இவர் இரண்டாவது. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த நீலச் சட்டைக்காரன் இவருடைய ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. தலை தப்பித்தது என்று பார்சல்காரர் நினைத்துக்கொண்டிருந்தபோது சம்மன் வந்தது.

அதைக் கொண்டுவந்த கான்ஸ்டபிள் தண்ணீர் கேட்டார். பார்சல்காரர் செம்பைக் கொடுக்கும்போது பாதித் தண்ணீர் கான்ஸ்டபிளின் ஷூவில் கொட்டியது. "பயப்படாதீங்க, வெறும் சாட்சிதான்" என்றார் அவர். வெறும் சாட்சி!

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். கண்டக்டர்களுக்குத் தெரியாத சட்டம் கிடையாது.

"மாமா, அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் போன மாசமே கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துட்டாராம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டு, கடையையும் காலி பண்ணிட்டுப் போயிட்டாராம். இப்ப மொத்தக் கேசும் உங்க தலைமேலதான் நிக்குது."

"நானும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிடறேனே."

"சொன்னா இன்ஸ்பெக்டர் சும்மா விடுவாரா? நீங்க அவர் கண்ணு முன்னாடி, அந்தப் படிக்கட்டுக்கு அடியிலதானே தினம் உக்காரணும்?"

"அப்ப ஞாபகம் இருக்குன்னு சொல்லிடறேன்."

"சொன்னா அவனுக்குப் பத்து வருஷம் நிச்சயம். அவன் ஆளுங்க வெளியில இருக்காங்க இல்ல?"

"ஏன் மாப்பிள்ளை, நீங்க ஆறுதல் சொல்ல வந்தீங்களா, ஆளைக் கொல்ல வந்தீங்களா?" என்று மாமியார் காபி டம்ளரைச் சத்தமாக வைத்தாள். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். சொன்னது என்னவோ அப்படியே நடந்தது.

மறுநாளே இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கவில்லை, விரலைச் சொடுக்கினார். "மூணே கேள்வி கேப்பாங்க. அன்னிக்கு அங்க இருந்தியா? பார்சலை நீதான் தச்சியா? கையெழுத்து உன்னுதா? மூணுக்கும் ஆமான்னு சொல்லு, வீட்டுக்குப் போ. நாலாவதா ஒண்ணை இழுத்துவிட்டே, அப்புறம் இந்தப் படிக்கட்டு யாருக்குச் சொந்தம்னு நான் கேக்க வேண்டியிருக்கும்."

"ஆமாங்கய்யா" என்றார் பார்சல்காரர். மூன்று தடவை சொன்னார்.

அதற்கடுத்த நாள் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் பார்சல் ஒன்றும் கொண்டுவரவில்லை. மரப்பெட்டி ஓரத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினான். "பெரியவரே, பாத்துச் சொல்லுங்க. வயசு காலத்துல நிம்மதி முக்கியம். உங்க பொண்ணு, கண்டக்டர் சம்சாரம், தண்ணித் தொட்டிக்குப் பின்னாடித் தெருதானே?" பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான். பார்சல்காரர் அன்று தைத்த மூன்று பார்சலில் முகவரி தலைகீழாக இருந்தது.

பைக்காரனைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் மனைவி பயப்படுவாள். அவள் பயந்துவிட்டால் அந்த வீட்டில் தைரியத்துக்கு வேறு ஆள் கிடையாது. தினம் காலையில் அவள் நீதிபதியாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, துணிகளை மடித்தபடி கேள்வி கேட்பாள். "அன்னிக்கு அங்க இருந்தீங்களா?" "ஆமாங்கம்மா." "பார்சலைத் தச்சீங்களா?" "ஆமாங்கம்மா." "கையெழுத்து?" "ஆமாங்கம்மா." இப்படி நாற்பது தடவை ஆயிற்று. "ஏன் எனக்கு ஒரு நல்ல புடவை எடுத்துத் தரலே?" என்று அவள் நடுவில் கேட்டதற்கும் "ஆமாங்கம்மா" என்றார்.

கோர்ட்டுக்குப் போகிற நாள் வந்தது. நீதிமன்றக் கட்டடம் மூன்று மாடி. லிப்ட் இருந்தது. படியிலேயே ஏறினார். நடைபாதையில் பெஞ்சு நிறையச் சனம். இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்று தலையை மட்டும் அசைத்தார். ஜன்னல் பக்கம் அந்த பைக்காரன் வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பார்சல்காரருக்கு இரண்டு பக்கமும் பார்க்க முடியாமல் கழுத்து நேராக நின்றுவிட்டது. பேரைக் கூப்பிட்டபோது அது தன் பேர் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முப்பது வருஷமாக அந்தப் பேரால் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடம் ஈரமாயிற்று. எதிரே உயரத்தில் நீதிபதி, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பின்பக்கம் குற்றவாளிக் கூண்டில் அந்தக் கிளீனர் நிற்கிறான் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

அரசு வக்கீல் கேட்டார். "அன்னிக்குக் காலையில பார்சல் ஆபீஸ் படிக்கட்டுல நீங்க இருந்தீங்களா?"

"ஆமாங்கம்மா" என்றார். கேட்டவர் ஆண். யாரோ சிரித்தார்கள்.

"கைப்பற்றின பொருளைத் துணியில தச்சது நீங்கதானே? இதோ மேசைமேல இருக்கே, இந்தப் பார்சல்தானே?"

"ஆமாங்கய்யா." பார்சலைப் பார்க்கவே இல்லை. கதவோரம் தெரிந்த இன்ஸ்பெக்டரின் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்கய்யா."

முடிந்தது. மூன்றும் முடிந்தது! உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது பார்சல்காரருக்கு. கூண்டைவிட்டு இறங்க ஒரு காலைக்கூட வெளியே வைத்துவிட்டார்.

"இருங்க பெரியவரே, எங்க கிளம்பிட்டீங்க?" எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஒல்லியான மனிதர், ஜலதோஷம், கையில் கைக்குட்டை. "ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் தைப்பீங்க?"

இது நாலாவது கேள்வி. கதவோரத்து ஷூ அசைந்தது.

"ஏழு... எட்டுங்க."

"ரெண்டு வருஷத்துல?"

"நெறையங்க."

"ஐயாயிரம்னு வெச்சுக்குவோமா? எல்லாமே வெள்ளைத் துணி, எல்லாமே அரக்கு. அந்த ஐயாயிரத்துல இது நீங்க தச்சதுதான்னு அங்கிருந்தே பாத்துச் சொல்றீங்களே, எப்படி? இதுல உங்க பேரு போட்டிருக்கா? அடையாளம் ஏதாவது உண்டா? இல்ல, யாராவது சொல்லிக் குடுத்ததைச் சொல்றீங்களா?"

பார்சல்காரருக்கு அந்த இடத்திலேயே உயிர் போய் உயிர் வந்தது. போச்சு, கேசு கெட்டுப்போச்சு, நம்மால்தான் கெட்டது, படிக்கட்டு போயிற்று. எப்படியாவது இதைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்பில், அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காததற்கும் பதில் சொன்னார்.

"என் தையல் எனக்குத் தெரியாதாங்க? நான் எதைத் தச்சாலும் ரெண்டு வரிசை போடுவேன். இந்த ஊருல ரெண்டு வரிசை போடற ஒரே ஆளு நான்தான், பார்சல் ஆபீசுல யாரை வேணும்னாலும் கேளுங்க. நம்பிக்கை இல்லைன்னா எடுத்துப் பாருங்களேன்!"

அரசு வக்கீலுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பணம் கொடுத்தாலும் இப்படி ஒரு சாட்சி கிடைக்கமாட்டான். நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டு, "கொண்டாங்க பாக்கலாம்" என்றார். பியூன் பார்சலை மேலே கொடுத்தார். அம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"எனக்கு ஒரு வரிசைதானே தெரியுது?"

பார்சலைக் கூண்டுக்குக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார்கள். பார்சல்காரர் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

துணி அவருடையதுதான். மூலையை மடித்த மடிப்பு அவருடையதுதான். ஆனால் தையல் ஒரே வரிசை. சணல் நூல் இல்லை, சட்டைப் பொத்தான் தைக்கிற மாதிரி மெல்லிய நூலை நாலாக முறுக்கிப் போட்டிருந்தது. முடிச்சு வெளியே தொங்கியது. அந்த வரிசைக்கு ஒரு விரல் தள்ளி, கோணி ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக, நூலே இல்லாமல் இருந்தன. யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்து, மறுபடி தைத்து, மேலே புதிதாக அரக்கு விட்டிருக்கிறார்கள். கை அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவியது. கோர்ட்டு கொஞ்ச நேரம் மறந்தேபோயிற்று.

"என்ன பெரியவரே?" என்றார் நீதிபதி.

அரசு வக்கீல் முந்திக்கொண்டார். அவரும் பார்த்துவிட்டார். "அன்னிக்கு அவசரம், கூட்டம் வேற. அதனால ஒரு வரிசையோட விட்டுட்டீங்க. அப்படித்தானே?"

குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. 'அப்படித்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டுக்குப் போகலாம், படிக்கட்டுக்குப் போகலாம். பத்து வருஷம் பின்னாலிருப்பவனுக்குத்தானே ஒழிய இவருக்கு இல்லை. கதவோரத்தில் இன்ஸ்பெக்டர் இப்போது முழுசாகத் தெரிந்தார். பார்சல்காரர் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். சத்தியமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். அப்படியும் கை அந்த வெளியே தொங்குகிற முடிச்சை விடவில்லை.

"இல்லீங்கம்மா" என்றார். "அவசரமா இருந்தா மூணு வரிசை போட்டிருப்பேன். நான் பயந்த ஆளும்மா. ஒத்தத் தையலோட விடற தைரியம் எனக்குக் கிடையாது."

யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி வக்கீல் தும்ம வந்ததைக்கூட நிறுத்திக்கொண்டார்.

"இந்தத் துணி என்னுதும்மா. இதோ, இந்த ஓட்டை என் ஊசி போட்டது. தையல் என்னுது இல்ல. நான் தச்சதுக்கப்புறம் யாரோ பிரிச்சிருக்காங்க."

நீதிபதி அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "பெரியவரே, யாருக்காவது பயந்துக்கிட்டு இப்படிச் சொல்றீங்களா?"

"எல்லாருக்கும் பயந்துக்கிட்டுத்தாம்மா சொல்றேன்" என்றார் பார்சல்காரர். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் வந்து, காதுக்கு மட்டும் கேட்கும்படி, "வீட்டுக்குப் போ. நான் கடைக்கு வர்றேன்" என்றார். அதைவிட அடித்திருக்கலாம். வாசலுக்கு வந்தால் அந்த பைக்காரன், "பெரிய மனுசன்யா நீங்க!" என்று இரண்டு கையையும் கூப்பினான். பார்சல்காரருக்கு உடம்பு கூசிப்போயிற்று. இவனுக்காகவா சொன்னேன்? இவன் சொல்லித்தானா நான் சொன்னேன்? இல்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது? பார்த்தவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார், பைக்காரன் உட்பட. மனைவி சாமான் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "மூணு கேள்விதானேங்க? நாப்பது தடவை சொல்லிக் குடுத்தேனே" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். அதைப் பார்த்ததும்தான் பார்சல்காரருக்கு முழுப் பயமும் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு இவர்கள் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை முதல் தடவையாகச் சட்டம் பேசாமல் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அதுதான் கொடுமை. வந்துவிட்டால் வந்ததோடு போய்விடும். ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் பார்சல்காரரின் ஊசி விரலில் ஏறியது. துணியில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. கவுண்டர் குமாஸ்தா புலியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் தைக்கிறவர்கள் தங்கள் பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவராக இருந்தாலும் தள்ளித்தான் போட்டிருப்பார்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை சேதி கொண்டுவந்தார். "அவனை விட்டுட்டாங்க மாமா. சாட்சியம் போதலையாம். அன்னிக்குப் பிடிச்சதும் இன்னிக்குக் கோர்ட்டுல வெச்சதும் ஒண்ணுதான்னு நிரூபிக்கலேன்னு நீதிபதி அம்மா எழுதிட்டாங்களாம். உங்க தையலைப் பத்தி ரெண்டு பக்கம் இருக்காம்." மனைவி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பெருமைப்படத் தெரியவில்லை. "அப்ப அவன் செய்யலையா?" என்று கேட்டார். "அதை யாரு மாமா பாத்தா?" என்றார் மாப்பிள்ளை.

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

நாலு நாள் கழித்து அந்தக் கிளீனரே வந்தான். மத்தியானம், வெயில் படிக்கட்டின் நிழலைச் சுருக்கியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். சட்டை வேறு. பார்சல்காரருக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் தெருவின் இரண்டு கோடியையும் பார்த்தார்.

"இங்க எதுக்குப்பா வந்தே? யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க? போப்பா."

"போயிடறேண்ணே. கோர்ட்டுல உங்க முதுகைத்தான் பாத்தேன். மூஞ்சியைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பார்த்தாயிற்று, போகலாம். ஆனால் அவன் நின்றான். பார்சல்காரரும் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்தார். கேட்காதே, கேட்காதே என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. கேட்டுவிட்டார்.

"அது உன்னுதா?"

"ரெண்டு வருஷமா இதை என்கிட்ட யாரும் கேக்கலண்ணே. எவ்வளவு எடை, எத்தனை மணி, யாரு கையெழுத்து, எல்லாம் கேட்டாங்க. என் வக்கீலுகூட, அதை மட்டும் என்கிட்ட சொல்லாதேன்னுட்டாரு."

"நான் கேக்கறேன்."

"என்னுதுதாண்ணே" என்றான். "கொண்டுபோய்க் குடுத்தா லாரிக்கு முன்பணம் கட்டிடலாம்னு பாத்தேன். அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை கொண்டுபோயிருக்கேன். இனிமே மாட்டேன். அதை நீங்க நம்பவும் வேணாம்."

பார்சல்காரருக்குக் காது அடைத்தது. இதற்காகவா அந்த மூன்று வாரம்? இதற்காகவா மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள்? "போடா" என்றார். அவர் யாரையும் 'டா' போட்டுப் பேசினதில்லை. "போடா, என் கண்ணு முன்னாடி நிக்காதே!" என்று கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். சந்து திரும்பி மறையக்கூட இல்லை, படிக்கட்டுக்கு முன்னால் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை இறங்கினார். மரப்பெட்டிக்கு எதிரே, பார்சல் கொண்டுவருகிறவர்கள் உட்காருகிற கோணிமேலேயே குந்தி உட்கார்ந்தார். சீருடையில் தூசி ஒட்டியது. அதையும் தட்டவில்லை.

"மழைக்கு ஸ்டேஷன்ல சாமான் ரூம் ஒழுகிச்சு" என்றார். "உன் பார்சல் நனைஞ்சு போச்சு. ரைட்டர் பிரிச்சு, வேற பிளாஸ்டிக்ல மாத்தி, துணியைக் காயவெச்சு, அவர் வீட்டு ஊசியாலயே தச்சுட்டாரு. ஒரு இலைகூட உள்ள போகல, வெளிய வரல. முத்திரையைக் குடுத்தவன் நான்தான்."

பார்சல்காரருக்கு அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அதை எழுதி வெச்சிருக்கலாமேய்யா" என்றார்.

"எழுதினா ஏன் பிரிச்சேன்னு கேப்பாங்க. அவருக்கு ஓய்வு பெற எட்டு மாசம்தான் பாக்கி. பயந்துட்டாரு. உன்னை மாதிரிதான் அவரும்." இன்ஸ்பெக்டர் தெருக்கோடியைப் பார்த்தார். "இப்பப் போனானே, அவனா?"

"ஆமாங்கய்யா."

"அது அவனோடதுதான்னு எனக்குத் தெரியும். பிடிச்சவன் நான். இனிமே இந்தக் கேசுல ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அவன் வாயால சொல்லியிருந்தான்னா, அடுத்த தடவை அவனை எங்க, எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும்." முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். வெற்று முகம், கோபம்கூட இல்லை. "உன்கிட்ட என்ன சொன்னான்?"

உண்மையைச் சொன்னால் இந்த மனிதரோடு இன்றே சமாதானம். படிக்கட்டு நிலைக்கும். மகள் அவள் வீட்டுக்குப் போவாள். அவன் குற்றம் செய்தவன்தான், தன் வாயாலேயே சொல்லிவிட்டான், காப்பாற்ற என்ன இருக்கிறது? பார்சல்காரர் அன்று கூண்டில் நின்றபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

"ஒண்ணும் சொல்லலீங்கய்யா" என்றார். "என் மூஞ்சியைப் பாக்க வந்தானாம். பாத்துட்டுப் போயிட்டான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அது போன பிறகும் அந்த இடத்தில் பெட்ரோல் வாடை நின்றது.

பயத்தினால் மறைத்தாரா, இரக்கத்தினால் மறைத்தாரா என்று அவரையே கேட்டாலும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வழக்கில் அவர் அறிந்து சொன்ன பொய் இது ஒன்றுதான். அதைச் சொல்ல யாரும் அவரை மிரட்டவில்லை. மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, "ஜீப்பு நின்னுச்சாமே, என்ன கேட்டாரு?" என்று பதறினாள். அவர் ஊசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நூலைக் கோக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். அவள் ஊசியையும் நூலையும் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.